மூட்டுவாதக்காரருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த ஒரு வசனம் இந்தக் கிழமை முழுவதும் என்னை நித்திரை கொள்ள விடவில்லை. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கே மூட்டுவாதம் வரும், அதைக் கூட்டினால் மூட்டுகள் தாமாகச் சீராகும் என்று எழுதியிருந்தது. எழுதியவர் என்ன படித்தவர் என்று ஒரு சொல்லும் இல்லை. அதே பக்கத்தின் கீழே எதிர்ப்புச் சக்தி தரும் பாணி மருந்து ஒன்றின் விளம்பரம். இரண்டும் தற்செயலாக அருகருகே வந்திருக்கலாம். வாசிக்கிறவருக்கு அது தெரியாது.

எனக்குப் 11 வருடமாக இந்த நோய். 47 வயதில் வந்தது. காலையில் எழுந்தால் தண்ணீர்க் குழாயைத் திறக்க முடியாது, பிட்டுக்கு மா குழைக்க முடியாது. ஒன்பது மணி வரை விரல்கள் விறைத்தே கிடக்கும். "வயது போனால் வாதம் வரும்தானே" என்றார்கள். தனியார் கிளினிக் ஒன்றில் ஓர் இரத்தப் பரிசோதனைகூடச் செய்யாமல் ஆறு மாதம் நோவுக் குளிசை மட்டும் தந்தார்கள். அந்த ஆறு மாதத்தில் வளைந்த இரண்டு விரல்கள் இன்றுவரை நிமிரவில்லை. சோக்கட்டியைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்துக் கரும்பலகையில் எழுதப் பழகித்தான் மீதி வருடங்கள் விஞ்ஞானம் படிப்பித்தேன்.

ஆசிரியருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. வயதால் மூட்டுத் தேய்வது வேறு, இது வேறு. இதில் நிர்ப்பீடனம், அதாவது அந்த நோய் எதிர்ப்புச் சக்தி, குறையவில்லை, அடங்காமல் சொந்த மூட்டையே தாக்குகிறது. கிருமி புகுந்தால் வெண்குருதிக் கலங்கள் ரி.என்.எஃப் என்ற சிறு புரதத்தைச் சுரந்து மற்றக் கலங்களைக் கூப்பிடும். அதனால்தான் அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்குகிறது. கிருமி ஒழிந்ததும் கூப்பிடுவது நிற்கவேண்டும். எங்கள் மூட்டுக்குள் கிருமியே இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மூட்டின் உட்சவ்வு தடித்து, கசியிழையத்தையும் எலும்பையும் அரிக்கிறது.

1975இல் நியூயோர்க்கில் இந்த ரி.என்.எஃப் புரதத்துக்குப் பெயர் வைத்தவர்கள், எலிகளில் புற்றுக்கட்டியைச் சாகடிக்கும் பொருள் என்றே வைத்தார்கள். 80களில், நோயில் உடம்பை மெலிய வைக்கும் பொருளைத் தேடிப் போனவர்களும் கடைசியில் இதே புரதத்தில்தான் வந்து நின்றார்கள். இதை வாசித்த அன்று நான் அழுதேன். பசியில்லாமல், சோர்ந்து, பின்னேரம் நாலு மணிக்கே படுத்துவிடும் என்னைப் பார்த்து "பஞ்சிப்படுகிறா" என்று சொந்தக்காரர் கதைத்த கதைகள் கொஞ்சமில்லை. அது பஞ்சி இல்லை, இரத்தத்தில் ஓடிய புரதம்.

லண்டனில் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மெய்னி என்ற இரு ஆராய்ச்சியாளரும் நோயாளிகளின் மூட்டுக் கலங்களில் இதை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். அழற்சியைத் தூண்டும் மற்றப் புரதங்களும் அதோடு தணிந்தன. 1992இல் இந்தப் புரதத்தைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்கே ஊசியாகக் கொடுத்தார்கள். வீக்கம் இறங்கியது. அந்த ஊசியின் வேலை நிர்ப்பீடனத்தின் ஒரு கையைப் பிடித்து நிறுத்துவது. கூட்டுவது அல்ல. அதற்காக இந்தப் புரதம் வேண்டாத சாமானும் இல்லை. காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் மதில் கட்டி அடைத்து வைக்க இதுவும் வேண்டும். ஆகவேதான் ஊசிக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரேயும் தோல் பரிசோதனையும் செய்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமான ஒன்றை "கூட்டினால் சரி" என்று எப்படி ஒரே வசனத்தில் எழுத முடிந்தது?

என் பெறாமகளுக்கு 31 வயது, இரண்டு சிறு பிள்ளைகள். அவளுக்கும் இதே நோய். கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுக்கும் மெதோட்ரெக்சேட் குளிசையில் ஒரு வருடமாக நல்ல சுகம். புதன்கிழமை இரவு வழமைபோல போன் எடுத்து "குளிசை போட்டாச்சோ?" என்று கேட்டேன். "இல்லைப் பெரியம்மா, அது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம், இனிப் போடுறதில்லை. பேப்பரிலேயே வந்திருக்கு" என்றாள். நான் படித்துப் படித்துச் சொன்னதைவிடப் பேப்பரில் வந்தது அவளுக்குப் பெரிது. நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்கும் வீடு எங்களுடையது, அதனால் அவளை நான் குறை சொல்ல முடியாது.

கொரோனாக் காலத்திலும் இதுதான் நடந்தது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்து என்று சொன்ன ஒரு பாணிக்காகச் சனம் ஆயிரக்கணக்கில் கூடி நின்றது. மோசமான கொரோனாவில் நுரையீரலைக் கெடுத்ததில் அடங்காத நிர்ப்பீடனத்துக்கும் பங்கு இருந்தது, அதை அடக்கும் டெக்சாமெதசோன் என்ற மருந்து பல உயிர்களைக் காத்தது. அப்போதும் எதிர்ப்புச் சக்திக் குறிப்புகளைத்தான் பக்கம் பக்கமாகப் போட்டீர்கள். நான் எழுதிய கடிதம் வரவேயில்லை. நாட்டு வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் தம்பியின் கையை முறிவு நெரிவுப் பரியாரியார்தான் பொருத்தினார். அவர் தனக்குத் தெரியாததைத் தொடமாட்டார்.

என் அம்மாவுக்கும் இதே கைகள். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பனடோலுக்கே அலைந்தோம். 1995 ஒக்ரோபர் யாழ்ப்பாண இடப்பெயர்வில் அவவைச் சைக்கிள் கரியரில் இருத்தி நாவற்குழிப் பாலத்தால் உருட்டிக்கொண்டு போனோம். பிடித்துக்கொண்டிருக்க விரல் மடங்கவில்லை, சீலையால் கட்டிவைத்தோம். அந்த ஊசி அப்போது உலகத்தில் எந்தக் கடையிலும் இல்லை. இன்று மருந்து இருக்கிறது. கிடைத்த மருந்தை என் பிள்ளையின் கையிலிருந்து உங்கள் பக்கம் தட்டிவிட்டதே என்றுதான் நெஞ்சு கொதிக்கிறது.

நான் கேட்பது பெரிதல்ல. அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் ஒரு திருத்தம். மூட்டுவாதக் குளிசையைக் கிளினிக்கில் கேட்காமல் நிறுத்தவேண்டாம் என்று ஒரு வரியும் சேர்த்துப் போடுங்கள். மருத்துவக் கட்டுரை எழுதுபவரின் தகுதியையும் இனிமேல் அச்சிடுங்கள். வருகிற ஞாயிறே வந்தால், அடுத்த புதனுக்கு முதல் அவளிடம் வெட்டிக்கொண்டுபோய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கொக்குவில்.