வாளியைத் தேடிய அக்காவுக்கு

அக்கா,

அம்மாவின் முதல் திவசத்துச் சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டேன். நீ அடுப்படிக்குப் போகக்கூடாது. போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால்தான் இங்கே எழுதுகிறேன். ஊர் ஆட்களும் வாசிப்பார்கள். 

அம்மா படுத்த படுக்கையாய்க் கிடந்தபோது நான் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. மட்டக்களப்பில் பஸ் ஏறி, களுவாஞ்சிக்குடியில் இறங்கி, வளவுக்குள் நுழைகிறேன். கிணற்றடியில் நின்று, "வாளி எங்க புள்ள?" என்றாய். வாளி உன் கையில் இருந்தது. நான் சிரித்தேன். "வீட்டுக்குள்ளேயே இருக்கிற உனக்கு அப்படி என்ன களைப்பு?" என்றும் கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. எனக்குக் கால் கழுவத் தண்ணீர் அள்ளித் தந்தாய்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் அம்மாவைப் புரட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியும். இரவுக்கும் அதே கணக்குத்தான் என்று யோசிக்கவேயில்லை. வயல் வெட்டிய உடம்பு விழுந்ததும் நித்திரையாகிவிடும். பதினொரு மாதம் துண்டு துண்டாக உறங்கினவளுக்குப் படுத்தாலும் காது விழித்தே இருக்கும். கறிக்கு உப்பு இரண்டு தரம் விழும். கையில் இருக்கிற வாளி கண்ணில் படாது.

சரி, பிழை உன்னிலும் இருக்கிறது. "நான் பார்க்கிறன், நீ போ" என்று ஒவ்வொரு முறையும் என்னை பஸ் ஏற்றியது யார்? ஒரு தரம் "ஏலாது" என்று சொல்லியிருந்தால் வந்திருப்பேனே. லீவு இல்லை என்றிருப்பேனோ என்னவோ. லீவு இருந்தது, அக்கா.

இப்போது எனக்குப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. வேலைக் களைப்பு என்றே ஒரு வருடத்தை ஓட்டினேன். இரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.4. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகையாம். இரும்புக் குளிசை தந்திருக்கிறார்கள். சாப்பாட்டோடு தேத்தண்ணி கூடாது, அது இரும்பை உடம்பில் சேரவிடாது. சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்! டொக்டர் என் நகத்தைத் திருப்பிப் பார்த்தபோது உன் வெளிறின நகம்தான் ஞாபகம் வந்தது.

திவசம் முடிந்த மறுநாள் உன்னையும் இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவேன். களைப்புக்குத் தைரொயிட்டும் காரணமாகலாம், அதையும் பார்ப்போம்.

முதல்நாள் இரவே வருகிறேன். முன்னறையில் பாயைப் போட்டுப் படு. வாழைக்காய் வெட்டினது சரியில்லை என்று எழும்பி வந்தாயோ, சனத்துக்கு முன்னால் ஏசுவேன்.