பள்ளி இதழின் பக்கங்களை மாணவர் கையில் தந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியின் மாணவர் இதழுக்கு நான் பொறுப்பாசிரியர். ஏ3 தாளை ஒருமுறை மடித்தால் கிடைக்கும் நான்கு பக்கங்களே எங்கள் இதழ். இந்தக் கல்வியாண்டில் அந்த நான்கு பக்கங்களையும் மாணவர்களே கணினியில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்பினார்கள். அதற்கேற்ற எளிய மென்பொருளைத் தேர்ந்தெடுக்கத் தங்கள் வேலைக்கு நடுவே எங்களுக்காக நேரம் ஒதுக்கியவர்களுக்கு இம்மடல் வழியாக நன்றி தெரிவிக்கிறேன்.

முதல் நன்றி சிவகாசியில் எங்கள் இதழை அச்சிட்டுத் தரும் அச்சக உரிமையாளருக்கு. மாணவர்கள் தாளில் எழுதியதை டிடிபி கடையில் தட்டச்சு செய்து, பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பக்கம் கட்டி வாங்குவதுதான் முன்பு எங்கள் வழக்கம். ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமானாலும் மறுபடி கடைக்குப் போக வேண்டியிருந்தது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் தட்டச்சு செய்து கொண்டுபோனால் பேஜ்மேக்கரில் அது வெறும் கேள்விக்குறிகளாகவே விழும். பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு நின்றுபோன மென்பொருளிடம் இதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது. அச்சக உரிமையாளர் எங்கள் சிக்கலைக் கேட்டுவிட்டு, "எதில் வேண்டுமானாலும் செய்யுங்கள், எழுத்துரு உள்ளேயே பொதிந்த பிடிஎஃப்பாகக் கொடுங்கள், என் ஆள் அதில் கை வைக்க மாட்டார்" என்றார். தட்டச்சு, வடிவமைப்பு வேலைகளுக்கான கூலி தம் வட்டாரத்துக்கு வராமல் போகும் என்று தெரிந்தும் அவர் அப்படிச் சொன்னதை நான் பெரிதாக மதிக்கிறேன். அச்சு இயந்திரத்தில் தாளைப் பிடித்து இழுக்கும் கிரிப்பருக்கு எந்த விளிம்பில் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதையும் மாணவர்களுக்குத் தாளில் வரைந்தே காட்டினார்.

அடுத்து, சென்னையில் பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரியும் எங்கள் முன்னாள் மாணவிக்கு நன்றி. எந்த மென்பொருள் எளிது என்று நாங்கள் கேட்டபோது, பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளாமல், அதைச் சோதிக்கும் வழியை அவர் கற்றுத் தந்தார். கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், ஔகாரம், க்ஷ, ஸ்ரீ, ஓர் ஆங்கிலப் பெயர், நான்கு இலக்க ஆண்டு ஆகிய அனைத்தும் வரும் ஒரு பத்தியை அனுப்பி, ஒவ்வொரு மென்பொருளிலும் அதை ஒட்டி, பிடிஎஃப் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கச் சொன்னார். பொத்தான்கள் குறைவாக இருப்பதைவிட, தட்டச்சு செய்த தமிழ் உடையாமல் அச்சுக்குப் போவதே எங்களுக்கு எளிமை என்பது அந்தப் பத்தியால்தான் தெளிவாயிற்று.

பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் அந்தச் சோதனையில் தேறியது. ஆனால் அதன் தொடர் சந்தா ஓர் அரசுப் பள்ளிக்குக் கட்டுப்படியாகாது. பப்ளிஷருக்கான ஆதரவை 2026 அக்டோபரோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்துவிட்டதால், அதைப் புதிதாகக் கற்பதில் பொருளில்லை. இணையத்தில் இயங்கும் கேன்வா அழகானது, ஆசிரியர்களுக்குக் கட்டணமின்றியும் கிடைக்கிறது. எனினும் இணையம் தடைப்படும் ஆய்வகத்தில் அதை நம்பியிருக்க முடியவில்லை என்பதால், விழாச் சுவரொட்டிகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டோம். ஆவணம் எழுதும் மென்பொருளான லிபர்ஆபீஸ் ரைட்டரில் தமிழ் குறையின்றி வந்தது. ஆனால் மேலே ஒரு வரி கூடினால் கீழே உள்ள படமும் சட்டகமும் இடம்பெயர்ந்துவிடும். பக்கம் முடிக்கும் மாலையில் மாணவர்கள் சோர்ந்துபோவது அங்கேதான். ஆகவே செய்திகளை எழுதித் திருத்த ரைட்டரையும், பக்கம் கட்ட ஸ்கிரைபஸ் என்ற வடிவமைப்பு மென்பொருளையும் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்தோம்.

ஸ்கிரைபஸ், யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தவும் மாற்றியமைக்கவும் கூடிய கட்டற்ற மென்பொருள். அதன் 1.4 பதிப்பில் தமிழ் சரியாக வராது. "செய்தி" என்ற சொல்லிலேயே கொம்பு சகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். இன்று அது ஒழுங்காக முன்னால் நிற்பதற்குக் காரணமானவர்களில், ஓமான் நாட்டின் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்றின் நிரலாளர்கள் முக்கியமானவர்கள். அரபு எழுத்துக்காக அவர்கள் முன்னெடுத்த பணி 2017இல் 1.5.3 பதிப்பில் வெளிவந்து, நம் எழுத்துக்கும் வழி திறந்தது. 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வந்தபோது அந்தப் பயன் எல்லாருக்கும் கிடைத்தது. எங்கள் ஊரின் பெயரைக்கூடக் கேட்டிராத அந்த நிரலாளர்களுக்கு எங்கள் மாணவர்களின் வணக்கம்.

எங்கள் கணினிப் பயிற்றுநர் ஆய்வகக் கணினிகள் அனைத்திலும் ஒரே பதிப்பையும் ஒரே எழுத்துருக்களையும் நிறுவினார். செய்தி வரிகளின் எழுத்துக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு கேட்டமரன், இரண்டுமே கட்டணமில்லாதவை. எல்லாத் தடிமன்களும் ஒரே கோப்பில் அடங்கிய எழுத்துருவை ஸ்கிரைபஸ் சரியாகக் கையாளாததால், தடிமனுக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புகளைத் தேடி நிறுவியவர் அவர். படங்கள் ஸ்கிரைபஸ் கோப்புக்குள் தங்காமல் வெளியில் இருந்தே இணைக்கப்படுவதால், கோப்பை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போனால் படங்கள் இருந்த இடம் வெற்றுச் சட்டகமாகிவிடும். இதழுக்கு ஒரு கோப்புறை, அதனுள் படங்களுக்கு ஒன்று என்று அவர் வகுத்த ஒழுங்கை ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இன்று புதியவர்களுக்குக் கற்பிக்கிறார்கள்.

பணி ஓய்வு பெற்ற ஒரு மெய்ப்புத் திருத்துநர் ஐயாவை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். மாணவர்கள் நாளிதழைப் பார்த்து, ஏ4 அகலப் பக்கத்தை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாகப் பிரித்து, வரிகளின் இருபுற ஓரங்களையும் சீராக்கி வைத்திருந்தார்கள். பத்தியின் அகலம் சுமார் 57 மில்லிமீட்டர்தான். "நடத்தப்பட்டிருக்கின்றன" போன்ற ஒரு சொல் வந்தாலே அடுத்த சொல் கீழே இறங்க, மேல்வரியில் பெரிய வெள்ளை இடைவெளி விழுந்தது. ஐயா அந்த இடைவெளிகளைச் சிவப்புப் பேனாவால் மேலிருந்து கீழாக இணைத்துக் காட்டி, இரண்டு பத்தியாக்கி இடப்பக்கம் மட்டும் சீராக்கச் சொன்னார். பத்தி 87 மில்லிமீட்டராக விரிந்ததும் பக்கம் அமைதியாகப் படிக்கும்படி வந்தது. எந்த மென்பொருளும் தானாகச் செய்து தராத வேலை இது. இதற்காக அவருக்கு என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஆய்வகத்தை மாலை நேரத்தில் திறந்து வைக்க இசைவு தந்த தலைமையாசிரியர் அம்மாவுக்கும், பிள்ளைகளைக் காத்திருந்து அழைத்துச் சென்ற பெற்றோருக்கும் நன்றி.

எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான அமைப்பைத் தரும் எங்கள் மாஸ்டர் பக்கங்களும் எழுத்துப் பாணிகளும் அடங்கிய கோப்பைக் கேட்கும் எந்தப் பள்ளிக்கும் மகிழ்ச்சியோடு தருவோம். அதைத் திறக்க ஸ்கிரைபஸ் 1.6 வேண்டும், எழுத்துருக்களை முதலில் நிறுவிவிட்டுப் பிறகு கோப்பைத் திறக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
பொறுப்பாசிரியர்,
மாணவர் இதழ்க் குழு