ஞாயிற்றுக்கிழமை வலைக்கு வெளியே நிற்கிற அப்பா அம்மாக்களுக்கு

சென்னையின் அடுக்குமாடி வீடுகளில் பிள்ளை வளர்க்கும் எல்லோருக்கும்,

வணக்கம்.

நான் வேளச்சேரியில் இருக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். உங்களில் பலரையும் போல, பிள்ளைகளோடு முழுதாகக் கிடைக்கிற நாள் எங்களுக்கும் ஞாயிறு ஒன்றுதான். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வருஷம் வரை எங்கள் ஞாயிறு எப்படிப் போனது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் நான்கு மணிக்குக் காரை எடுப்போம். மாலில் வண்டி நிறுத்த இடம் தேடியே இருபது நிமிடம் போகும். மேல் மாடியில் குழந்தைகள் விளையாடும் பகுதி. மணிக் கணக்கில் பணம் கட்டி, இருவர் கையிலும் காகிதப் பட்டை ஒட்டி, சாக்ஸ் மாட்டி உள்ளே அனுப்புவோம். அவர்கள் பிளாஸ்டிக் பந்துகளுக்குள் குதிப்பார்கள். நாங்கள் வலைக்கு வெளியே நிற்போம். பக்கத்தில் இன்னும் பத்துப் பதினைந்து அப்பா அம்மாக்கள், எல்லோர் கையிலும் போன். நேரம் முடிந்ததும் அழுகை, பிறகு பீட்சா, பிறகு வீடு. அன்று முழுக்கப் பிள்ளைகளிடம் நாங்கள் பேசியது "கிளம்பு", "சாப்பிடு", "போதும்" என்ற மூன்று சொற்கள்தான்.

ஒரு நாள் மகள் வலை ஓரமாக வந்து, "அம்மா, நீ உள்ள வர முடியாதா?" என்று கேட்டாள். பெரியவர்களுக்கு அனுமதி இல்லை என்றேன். அவள் திரும்பிப் போய்விட்டாள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. மாலுக்குப் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மே மாத வெயிலில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குப் பிறகு நாங்கள் ஒரு முடிவெடுத்தோம். பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் வெளியே காத்திருக்கும் இடங்களுக்கு இனி அடிக்கடி போவதில்லை. நான்கு பேரும் சேர்ந்து ஒன்றைப் பார்க்கிற, நால்வருக்குமே அது புதிதாக இருக்கிற இடங்களுக்குப் போவோம். இதையே நீங்களும் செய்து பாருங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நாங்கள் தொடங்கியது பறக்கும் ரயிலில். வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை போகிற இந்தப் பாதையில் முதல் பகுதி 1995இல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கியது. 2007இல்தான் எங்கள் ஊர் வரை வந்தது. தினமும் அதன் தூண்களுக்குக் கீழே வண்டியில் போகிறோம். என் பிள்ளைகள் ஒரு தடவைகூட ஏறியதில்லை. டீ விலைகூட ஆகாத டிக்கெட். ஜன்னலோரம் இரண்டு பேரையும் உட்கார வைத்தோம், அவ்வளவுதான். பெருங்குடிப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாறு, அப்புறம் மயிலாப்பூர் மாடிகளில் காயும் வடகமும் புடவையும். நம் ஊருக்குள் ஒரு ஆறு ஓடுகிறது என்பதை என் மகன் ரயில் ஜன்னலில்தான் தெரிந்துகொண்டான். கார் கண்ணாடி வழியாக அவன் அதுவரை பார்த்தது முன்னால் போகிற வண்டியின் பின்பக்கம் மட்டும்தான்.

இந்த ஒரு ரயில் பாதையை வைத்தே ஒரு வருஷத்து ஞாயிறுகளை ஓட்டலாம். கோட்டூர்புரத்தில் இறங்கினால் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010இல் திறந்தது. குழந்தைகள் பகுதியில் ஒரு பெரிய செயற்கை மரம் நிற்கிறது, அதன் கீழே உட்கார்ந்து படிக்கலாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிறுவர் புத்தகம் ஒன்றை முழுதாகப் படித்து முடித்தேன். பிள்ளை பிறந்த பிறகு நான் உட்கார்ந்த இடத்தில் படித்து முடித்த முதல் புத்தகம் அது. அங்கிருந்து கிட்டத்தில்தான் பிர்லா கோளரங்கம். தமிழ்க் காட்சி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு போங்கள். இருட்டில் தலைக்கு மேல் வானம் விரியும்போது பிள்ளை உங்கள் கையைப் பிடிக்கிற பிடி இருக்கிறதே, அதற்காகவே போகலாம்.

திருமயிலையில் இறங்கினால் கோயிலும் மாட வீதிகளும். நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் வரிசையாக முளைக்கும். பங்குனியில் அறுபத்து மூவர் அன்று கூட்டம் நெரியும், சின்னக் குழந்தைகளோடு போவது கஷ்டம். ஆனால் மற்ற திருவிழா நாட்களின் காலை நேரம் அமைதியாக இருக்கும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது கலங்கரை விளக்கம் நிலையம். அங்கிருந்து மெரினா கலங்கரை விளக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். 1977இல் இயங்கத் தொடங்கியது. வெகுகாலம் மூடி வைத்திருந்துவிட்டு 2013இல் மக்களுக்குத் திறந்தார்கள். லிஃப்டிலேயே மேலே போகலாம் என்பதால் தாத்தா பாட்டியையும் கூட்டிப்போனோம். மேலிருந்து பார்த்தால் தெற்கே சாந்தோம் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரம், வடக்கே தூரத்தில் துறைமுகம், நடுவில் அவ்வளவு அகலமான மணல். "இவ்ளோ மணல் எங்கேருந்து வந்துச்சு?" என்று மகள் கேட்டாள். அதற்குப் பதில் அந்தத் துறைமுகத்தில்தான் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவரைக் கடலுக்குள் நீட்டிக் கட்டினார்கள். நம் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணலை அந்தச் சுவர் மறித்தது. அப்படித் தெற்கே சேர்ந்துகொண்டே போனதுதான் இன்றைய மெரினா. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது. மேலிருந்து கை நீட்டிக் காட்டினால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது புரிகிறது. கீழே இறங்கியதும் அவன் ஈர மணலில் ஒரு சுவர் கட்டி, எந்தப் பக்கம் மணல் சேருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். அன்று அவனை வீட்டுக்குக் கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

அதே கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால் விவேகானந்தர் இல்லம். 1897இல் அவர் அங்கே தங்கியதால் அந்தப் பெயர். அதற்கு முன் அது ஐஸ் ஹவுஸ். 1842இல் ஐஸ் கட்டிகளைச் சேமிக்கவே கட்டிய கட்டடம். அந்த ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் மாதக் கணக்கில் பயணம் செய்து வந்தது. மரத்தூளுக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். இதை வாசலில் நின்று சொல்லிவிட்டு, கையில் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள். கேள்விகள் வீடு வரைக்கும் நிற்காது.

எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் பள்ளிச் சுற்றுலாவில் வரிசையில் ஓடிப் பார்த்ததோடு சரி. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் இது. 1855இல் அதன் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்சிச்சாலை ஒன்றைத் தொடங்கினார். இன்றைய வண்டலூர் பூங்காவின் தொடக்கம் அதுதான். வண்டலூருக்கு அது இடம் மாறியது 1985இல். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்க்காமல் எந்தக் குழந்தையும் வெளியே வராது. ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் கண்டெடுத்தார். பழைய கற்காலத்திலேயே இங்கே மனிதர் வாழ்ந்ததற்கு அது சான்றானது. அவர் சேகரித்த கருவிகள் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தன. பல்லாவரத்திலும் குரோம்பேட்டையிலும் இருக்கும் அப்பா அம்மாக்களே, உங்கள் பிள்ளைகள் பள்ளி வேனில் போகிற அதே மண்ணில் கிடைத்த கல் அது. இதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

வெண்கலக் கூடத்தில் நடராஜர் முன் ஐந்து நிமிடம் தரையில் உட்காருங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். "அந்தக் கால் எப்படி நிக்குது?" என்று பிள்ளையே கேட்கும். அதன் பிறகு அது வீட்டில் ஆடிப் பார்ப்பதை நீங்கள் பார்ப்பீர்கள்.

இப்போது தை மாதம். பள்ளிக்கரணைக்கு வலசை வந்த பறவைகள் இன்னும் இருக்கின்றன. 2022இல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்த நிலம் அது. ஒரு பக்கம் குப்பை மேடு, ஒரு பக்கம் ஐடி கட்டடங்கள், நடுவில் பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருக்கும். காலை ஆறரைக்குப் போனால் போதும், எட்டு மணிக்கு இட்லி சாப்பிட வீட்டுக்கு வந்துவிடலாம். பழைய பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்து ஆமைகள். இந்தப் பருவத்தில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வருகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவு முழுக்க நடந்து முட்டைகளைத் தேடிப் பாதுகாக்கும் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் 1988இலிருந்து இதைச் செய்துவருகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்கள் வைத்திருக்கிறது. இரவு நடை சின்னக் குழந்தைகளுக்கு ஒத்துவராது. ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் சாயங்காலம் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சு, அலை வந்து பின்னால் தள்ளத் தள்ள மறுபடியும் கடலைப் பார்த்தே நகரும். போன ஏப்ரலில் அதைப் பார்த்து என் கணவர் அழுதார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே போனால் தயவுசெய்து டார்ச் அடிக்காதீர்கள், பிளாஷ் போடாதீர்கள். வெளிச்சத்தைக் கடல் என்று நினைத்து அவை திசை மாறிவிடும்.

அதே பெசன்ட் நகர்க் கரையில் வெள்ளையாக ஒரு வளைவு நிற்கிறதே, அதன் கீழே எத்தனையோ மாலைகள் நாம் சோளம் தின்றிருப்போம். 1930இல் கடலில் சிக்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. இந்தக் கதையைச் சொன்ன பிறகு "தண்ணியில ரொம்ப உள்ள போகாதே" என்று தனியாக மிரட்ட வேண்டியிருக்கவில்லை.

பட்டு அறிந்த சில விஷயங்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம். நாங்கள் ஒரு விடுமுறையில் காலையில் அருங்காட்சியகம், மதியம் நூலகம், மாலையில் கடற்கரை என்று போய், இரவு மகனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. வார விடுமுறையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வண்டலூருக்குச் செவ்வாய், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள். ஞாயிறு பறக்கும் ரயில் குறைவாக ஓடும், நேரம் பார்த்துக் கிளம்புங்கள். கழிப்பறை விஷயத்தில் நூலகத்தை நம்பலாம், ரயில் நிலையங்களை நம்பிப் போகாதீர்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, ஒரு மாற்று உடை போதும்.

அப்பாக்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். கட்டுச்சோறு கட்டுவதும் பை நிரப்புவதும் திரும்பி வந்து பாத்திரம் துலக்குவதும் அம்மாவின் வேலையானால், அந்த உலா அவளுக்கு இன்னொரு வேலை நாள். எங்கள் வீட்டில் தயிர் சாதம் கட்டுவது இப்போது கணவர். ஊறுகாயை மகள் எடுத்து வைக்கிறாள்.

இன்னொன்று, போய்வந்த இடத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் பரீட்சை வைக்காதீர்கள். "எந்த வருஷம் கட்டினாங்க, சொல்லு" என்று பக்கத்து வீட்டு மாமா முன்னால் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அடுத்த வாரம் மகள் வர மாட்டேன் என்றாள், அவளைச் சமாதானப்படுத்த ஒரு மாதம் ஆனது.

வருகிற ஞாயிறு நாங்கள் மறுபடி கலங்கரை விளக்கம் போகிறோம். காலை ஒன்பது மணிக்கு வேளச்சேரி நிலையத்தின் டிக்கெட் கவுண்டர் பக்கம் நிற்போம். சிவப்புத் தொப்பி போட்ட ஆறு வயதுப் பையன் ஒருவன் ரயில் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவனோடு சேர்ந்து ஜன்னலோரம் உட்கார உங்கள் பிள்ளையையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மா