டைரக்டரி போனது சரி, ப்ரூஃப் பாக்குற ஆளு எங்க போனாரு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல டெலிபோன் டைரக்டரி பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். காகிதம் மிச்சம், எல்லாம் கையில இருக்குற போன்லயே கிடைக்குது, அதனால அந்த தடி புக்கு ஒழிஞ்சது நல்லதுக்குத்தான்னு எழுதியிருந்தீங்க. பாதி ஒத்துக்கறேன் சார். மீதி பாதிக்குத்தான் இந்த லெட்டர், ஏன்னா நான் டைரக்டரி அச்சடிக்கற எடத்துல 11 வருஷம் ப்ரூஃப் பாத்தவன், அதாவது அச்சுக்கு போறதுக்கு முன்னாடி தப்பு இருக்கான்னு சரிபாக்கறவன்.

அந்த வேலைய பண்ணாதவங்களுக்கு அது புரியாது. ஒருத்தர் பேரும் நம்பரும் சத்தமா வாசிப்பாரு, இன்னொருத்தர் ஒரிஜினல் காப்பிய வெச்சு ஒவ்வொரு வரியா டிக் அடிப்பாரு, மத்தியானத்துக்கு மேல கண்ணு ரெண்டும் சொருகும், அப்பத்தான் 36 வந்து 63 ஆகும். ஆஸ்பத்திரி நம்பர்ல அப்படி ஒரு எண் மாறுனா எவனோ ஒருத்தன் வீட்டுல ராத்திரி பகலா மணி அடிச்சிக்கிட்டே இருக்கும், அதுவும் அடுத்த புக்கு வர்ற வரைக்கும், ஒரு வருஷம் முழுக்க. திருத்தவே முடியாதுங்கற பயம் இருக்கு பாருங்க, அதுதான் எங்கள ஒழுங்கா வேலை வாங்குச்சு. விளம்பரம் குடுத்தவங்க ப்ரூஃப்ல கையெழுத்து போட்டாதான் பக்கம் மெஷினுக்கு போகும். தப்பு எங்க மேலன்னா பில்லுல கழிச்சிருவாங்க.

1878 பிப்ரவரியில அமெரிக்காவுல நியூ ஹேவன்ங்கற ஊர்லதான் மொத டைரக்டரி வந்துச்சு, ஒத்த தாளு, வெறும் 50 பேரு, அதுல நம்பரே கிடையாது. ஆபரேட்டர்கிட்ட பேர சொன்னா அவங்க லைன் போட்டு குடுப்பாங்க. அதுக்கப்புறம் வளர்ந்து வளர்ந்து கதவுக்கு முட்டுக் குடுக்கற சைஸுக்கு ஆச்சு. கடை, கம்பெனி விளம்பரம் வர்ற மஞ்சள் பக்கம் (எல்லோ பேஜஸ்) வந்ததுக்குக்கூட ஒரு கதை சொல்வாங்க, 1883ல அமெரிக்காவுல ஷையென்ங்கற ஊர்ல ஒரு பிரிண்டர்கிட்ட வெள்ளை பேப்பர் தீந்து போயி கைக்கு கிடைச்ச மஞ்சள் பேப்பர்ல அடிச்சுட்டாராம். அந்த மஞ்சள்தான் பின்னாடி மொத்த தொழிலுக்கும் சோறு போட்டுச்சு.

இன்டர்நெட் வந்து கொன்னுருச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, அவ்வளவு சுலபமா முடிச்சிர முடியாது. பிரான்ஸ்ல 1982லயே புக்கு அடிக்கற செலவுக்கு பதிலா வீட்டுக்கு வீடு ஸ்கிரீனும் கீபோர்டும் வெச்ச ஒரு சின்ன டெர்மினல சும்மா குடுத்து அதுல நம்பர் தேடிக்கங்கன்னு விட்டுட்டாங்க, மினிடெல்னு பேரு, 2012 ஜூன் வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் செல்போன் நம்பருங்க பெரும்பாலும் புக்குக்குள்ள வரவே இல்ல, அதனால புக்கு தடியா இருந்தாலும் உள்ள காலியாயிக்கிட்டே வந்துச்சு. 2009ல அமெரிக்காவோட ரெண்டு பெரிய டைரக்டரி கம்பெனி, ஐடியார்க்கும் ஆர்.எச்.டானலியும், கழுத்து வரைக்கும் கடன வெச்சுக்கிட்டு ரெண்டு மாச இடைவெளியில திவாலுக்கு மனு போட்டுச்சு. பிரிட்டன்ல 1966ல பிரைட்டன்ல ஆரம்பிச்ச எல்லோ பேஜஸோட கடைசி புக்கும் 2019 ஜனவரியில அதே பிரைட்டன்லதான் போய் சேந்துச்சு.

எங்க ஆளுங்க பண்ண அநியாயத்தையும் சொல்லணும்ல. யாரும் கேக்காமயே வாசல்ல கொண்டுவந்து போட்டுட்டு போறது, அது பிரிக்காமயே குப்பைக்கு போறது. அமெரிக்காவுல சியாட்டில் நகரத்துல 2010ல வேண்டாங்கறவங்களுக்கு போடக்கூடாதுன்னு சட்டம் கொண்டுவந்தா, புக்கு போடறது எங்க பேச்சு சுதந்திரம்னு டைரக்டரி கம்பெனிங்க கோர்ட்டுக்கு போய் 2012ல அப்பீல்ல ஜெயிச்சாங்க! வேண்டாம்னவன் வாசல்லயே போடறதுக்கு உரிமை வாங்கி என்ன பிரயோஜனம். அகரவரிசையில முன்னாடி வரணும்னு கடைக்கு ஏஏஏன்னு (AAA) பேரு வெச்சு மொத வரியில எடம் புடிக்கற வேலையும் அப்பவே இருந்துச்சு, இன்னிக்கு இன்டர்நெட் தேடல்ல மேல வர்றதுக்கு பண்றதுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். அமெரிக்காவுல கன்சாஸ் மாநிலத்துல ஒரு சின்ன டெலிபோன் கம்பெனி, தன் டைரக்டரிய யாராச்சும் காப்பி அடிச்சா கண்டுபுடிக்கறதுக்காக அதுல சில பொய் பேருங்கள சொருகி வெச்சிருந்துச்சு. அதுல நாலு இன்னொரு கம்பெனியோட புக்குல அப்படியே வந்து மாட்டிக்கிச்சு. கேஸ் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 1991ல தீர்ப்பு வந்துச்சு, பேருங்கள அகரவரிசையில அடுக்கறதுல சொந்த சரக்கு எதுவும் இல்ல, உழைச்சோம்ங்கறதுக்காக காப்பிரைட் கிடையாதுன்னு. (அத படிச்ச அன்னிக்கு எனக்கு மனசு கொஞ்சம் வலிச்சதுதான்.) அன்னிக்கு பொய் என்ட்ரி நாலே நாலு, அதுவும் திருடன புடிக்க வெச்சது. கூகுள் அதோட மேப்ஸ்ல இருந்து 2018ல மட்டும் 30 லட்சத்துக்கு மேல போலி கடைங்கள தூக்குனதா அதுவே சொல்லுச்சு. இந்த போலிங்க திருடனுங்களே வெச்சது. வீட்ட பூட்டிட்டு சாவிய தொலைச்சவன் அவசரத்துல பக்கத்துல இருக்குற பூட்டுக்காரன்னு நம்பி போன் பண்ணுவான், அந்த அட்ரஸ்ல கடையே இருக்காது, எங்கயோ ஒரு கால் சென்டர் எடுக்கும், வர்றவன் சொன்னதுக்கு மூணு மடங்கு கேப்பான்.

பிரைவசின்னு பாத்தாலும் பழைய புக்கு ஒண்ணும் புனிதம் இல்ல, அட்ரஸோட சேத்து அச்சடிச்சோம், தனியா இருந்த பொம்பளைங்க பல பேரு பயந்துக்கிட்டு வெறும் இனிஷியல் மட்டும் போடச் சொல்லுவாங்க. ஆனா என் பேரு வேண்டாம்னு எழுதிக் குடுத்தா எடுக்கறதுக்கு ஒரு ஆபீஸ் இருந்துச்சு. இன்னிக்கு என் பேரு போன் பண்றது யாருன்னு காட்டற எந்த காலர் ஐடி ஆப்ல எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது, எவனோ தன் கான்டாக்ட்ட மொத்தமா ஏத்தி விட்டுருப்பான், அவன் என்னை என்ன பேர்ல சேவ் பண்ணானோ அதுதான் நான்.

இன்னொண்ணு, பழைய டைரக்டரி லைப்ரரியில இருந்தா 60 வருஷம் முன்னாடி ஒரு தெருவுல எந்தெந்த கடை இருந்துச்சுன்னு பாக்கலாம், குடும்ப வரலாறு தேடறவங்க இன்னும் அத பொரட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஆப்ல கடை மூடுனா அந்த வரி அழிஞ்சிரும், போன வருஷ லிஸ்ட் எப்படி இருந்துச்சுன்னு கேட்டா யாருகிட்டயும் இருக்காது.

புக்க திரும்ப அடிங்கன்னு நான் கேக்கல சார், அடிச்சா நானே வாங்க மாட்டேன். டிஜிட்டல் டைரக்டரி நடத்தறவங்க ரெண்டு வேலை பண்ணட்டும். ஒவ்வொரு வரிக்கு கீழயும் இத கடைசியா சரிபாத்தது எந்த தேதி, யாருன்னு போடட்டும், சரிபாக்கலன்னா பாக்கலன்னே போடட்டும். வருஷத்துக்கு ஒரு தடவ மொத்த லிஸ்டையும் அப்படியே ஒரு காப்பி எடுத்து லைப்ரரிக்கு குடுக்கட்டும். உங்க பேப்பர்ல அடுத்த தடவ இத பத்தி எழுதறவரு, அந்த கம்பெனிங்ககிட்ட உங்க ப்ரூஃப் ரீடர் யாருன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுனா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
ஒரு பழைய ப்ரூஃப் ரீடர்