கத்திரி வெயிலில் இஞ்சி பீர் போடுகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இஞ்சி, சர்க்கரை, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைக்கும் நுரைபானம்தான் இஞ்சி பீர். போன இரண்டு வாரத்தில் நான்கைந்து பேர் அந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டீர்கள். மூடியைத் திறந்தால் நகப்பூச்சு வாடை. லாஸ்பேட்டை அம்மா ஒருவர் வீட்டில் பாட்டிலே வெடித்து, சமையலறைச் சுவரெல்லாம் இஞ்சி. ஈஸ்ட் பழசா என்று எல்லாரும் கேட்டீர்கள். ஈஸ்ட்டில் குறையில்லை. சூடுதான் காரணம்.

ஈஸ்ட் பொட்டலத்தில் 18 முதல் 22 டிகிரி சூட்டில் வையுங்கள் என்று போட்டிருக்கும். அது குளிர்நாட்டுக் கணக்கு. மே மாதத்தில் நம் வீடுகளுக்குள் ராத்திரியிலும் 30 டிகிரி இருக்கிறது. போதாததற்கு, சர்க்கரையைத் தின்னும்போது ஈஸ்ட்டும் சூடு கக்கும். அறையைவிட ஜாடிக்குள் ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். இந்த மாதத்தில் இட்லி மாவு என்ன வேகத்தில் பொங்கி வழிகிறது என்று பார்க்கிறீர்கள் அல்லவா, அதே கதைதான்.

ஈரத்துணி சுற்றினோமே என்கிறீர்கள். சரி, மண்பானையில் தண்ணீர் குளிர்வதும் அப்படித்தான். ஆனால் காற்று காய்ந்திருந்தால்தான் ஈரம் ஆவியாகும். மேற்கிலிருந்து காய்ந்த காற்று அடிக்கிறவரை துணி உதவும். மதியத்துக்கு மேல் கடற்காற்று திரும்பினால் நமக்கு நிம்மதி, ஜாடிக்கு இல்லை. காற்றில் ஈரம் ஏறிவிடுவதால் துணி நனைந்தபடியே கிடக்கும், குளிர்ச்சி மட்டும் குறைந்துவிடும். மதுரையில் பலிக்கிற வித்தை முத்தியால்பேட்டையில் அரைகுறைதான்.

எங்கள் கடையில் நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் 20 லிட்டர் தண்ணீர், அதற்குள் 5 லிட்டர் ஜாடி. தண்ணீரை விடியற்காலையில் பிடியுங்கள்; மதியம் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். ஃப்ரீசரில் உறையவைத்த ஒரு லிட்டர் பாட்டில் இரண்டைத் தொட்டிக்குள் போட்டால் 30-லிருந்து 24-க்காவது இறங்கும். காலையும் மாலையும் பாட்டிலை மாற்றுங்கள். முதல் 24 மணி நேரம் ரொம்ப முக்கியம். ஈஸ்ட் பெருகும் அந்த நேரத்தில் சூடு ஏறினால் வரும் வாடை, அப்புறம் எவ்வளவு குளிரவைத்தாலும் போகாது.

பாட்டிலில் ஊற்றும்போது ஒன்றை மட்டும் பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றி, மற்றவற்றோடு வையுங்கள். அவ்வப்போது அதை அமுக்கிப் பாருங்கள். உள்ளே வாயு நிறைந்து கல் மாதிரி இறுகிவிட்டால், வெடிப்பதற்குள் எல்லாவற்றையும் உடனே ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டியதுதான். கத்திரியில் அதற்கு ஒரு நாளே போதும்.

சூடு தாங்கும் ஈஸ்ட் இல்லையா என்றும் கேட்கிறார்கள். நார்வே நாட்டுப் பண்ணைகளில் வழிவழியாக வந்த க்வைக் என்ற ஈஸ்ட் 35 டிகிரியிலும் ஒழுங்காக வேலை செய்யும். குளிர்நாட்டில் இப்படி ஒன்று இருப்பது எங்களுக்கு இன்னும் ஆச்சரியம்தான். வரவழைக்கச் சொல்லியிருக்கிறோம்.

பிரான்சிலிருக்கும் பிள்ளைகள் சொன்னார்கள் என்று, நிஜ பீர் காய்ச்சும் மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கேட்டும் சிலர் வருகிறீர்கள். உரிமம் இல்லாமல் இங்கே வீட்டில் பீர் காய்ச்சக் கூடாது. அதனால் நாங்கள் அதை விற்பதில்லை.

ஜாடியில் ஒட்டும் வெப்பமானிப் பட்டை வந்திருக்கிறது. கெட்டுப்போன ஜாடியோடு வந்தவர்களுக்கு அது இலவசம். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இருக்காது.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்
முத்தியால்பேட்டை, புதுச்சேரி