30 பெசோவுக்காக மட்டுமா?

ஆசிரியருக்கு,

2019-இல் உலகெங்கும் வெடித்த போராட்டங்களைத் திரும்பிப் பார்த்த உங்கள் கட்டுரையைப் படித்தேன். சிலிக்கு மெட்ரோ கட்டணம், லெபனானுக்கு வாட்ஸ்அப் வரி, ஈரானுக்கு பெட்ரோல் விலை என்று ஆளுக்கொரு காரணத்தை ஒட்டிவிட்டீர்கள். தீக்குச்சியைக் காட்டிவிட்டு வைக்கோல் போரை விட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. சிலியின் தலைநகர் சாண்டியாகோவில் மெட்ரோ கட்டணம் ஏறியது வெறும் 30 பெசோ (அந்நாட்டு நாணயம்), அதையும் அதிபர் பின்யேரா அக்டோபர் 19-ஆம் தேதியே நிறுத்திவைத்துவிட்டார், ஆனாலும் 25-ஆம் தேதி பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவில் நின்றார்கள். '30 பெசோ அல்ல, 30 ஆண்டுகள்' என்பதுதான் முழக்கம், அதாவது ஓய்வூதியம், மருத்துவம், கல்விக் கடன் எல்லாம் சேர்ந்த பழைய பாக்கி. லெபனானிலும் வரியை உடனே வாபஸ் வாங்கினார்கள், இருந்தும் இரண்டு வாரத்துக்குள் பிரதமர் ஹரிரி பதவி விலகினார்.

நமக்குப் புரியாத விஷயமா இது? 2018 ஜனவரியில் சென்னையில் சாதாரணப் பேருந்தின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ஆனபோது, பல்லாவரத்தில் நான் ஏறிய பேருந்தில் பூக்கூடையோடு வந்த அம்மா ஒருவர் நடத்துநரிடம் சண்டையெல்லாம் போடவில்லை, முந்தானையில் முடிந்திருந்த சில்லறையை இரண்டு முறை எண்ணினார், அப்புறம் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடந்துவிட்டார். சாலை மறியல் செய்த மாணவர்கள்தான் செய்தியில் வந்தார்கள். சரி, இனி இப்படிக் கட்டுரை போடும்போது அந்தந்த நாட்டின் குறைந்தபட்சக் கூலி, வீட்டு வாடகை, பேருந்துக் கட்டணம் மூன்றையும் ஒரு சின்னக் கட்டத்தில் கொடுங்கள். எரியும் டயர் படத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

– ஒரு வாசகர், குரோம்பேட்டை, சென்னை