'அவர்' என்று தேடினால் கிடைக்க வேண்டும்: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பதிப்பாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் அம்மா ஓய்வுபெற்ற தமிழாசிரியை. வயது 74. வேலையில் இருந்த காலத்தில், சம்பளம் வந்த வாரம் ஒரு புத்தகமாவது வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. சென்னைப் புத்தகக் காட்சி காயிதே மில்லத் கல்லூரி வளாகத்தில் நடந்த நாட்களிலேயே ஆளுக்கொரு துணிப்பையோடு போய், காது அறுந்துவிடுமோ என்று பையை மார்போடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறோம். உங்கள் அரங்குகளில் நிற்கும் பழைய ஆட்கள் சிலருக்கு இன்றும் அம்மாவின் முகம் தெரியும். அச்சுப் புத்தகத்தை வேண்டாமென்று தள்ளிவிட்டு வந்தவள் எழுதும் கடிதம் இல்லை இது என்று சொல்லத்தான் இவ்வளவும்.

2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது சைதாப்பேட்டையில் எங்கள் தரைத்தள வீட்டில் நாலடிக்குத் தண்ணீர் நின்றது. நனைந்த புத்தகம் உப்பிப் பருத்துவிடும். தட்டில் இறுகிக்கொண்டு வெளியே வராது. அலமாரியின் பக்கப் பலகையைப் பெயர்த்துத்தான் எடுத்தோம். வழவழப்பான அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மூன்று தட்டுப் புத்தகங்கள் குப்பை வண்டியில் போயின. அதற்குப் பிறகும் நாங்கள் மின்னூல் பக்கம் போகவில்லை. முடிந்தவற்றை மறுபடி வாங்கி மேல்தட்டில் அடுக்கினோம்.

மாற வைத்தது கண். மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு நடுப்பார்வை மங்க ஆரம்பித்தது. ஓரத்தில் இருப்பது தெரியும், நேரே பார்க்கிற எழுத்து கலங்கிப்போகும். இது கண்ணாடி மாற்றிச் சரியாகிற விஷயமில்லை, எழுத்து பெரிதாக இருந்தால் படிக்கலாம் என்றார் டாக்டர். பெரிய எழுத்தில் நாவல் இருக்கிறதா என்று கடை கடையாகக் கேட்டேன். சிறுவர் கதைகளை எடுத்து நீட்டினார்கள். பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க அம்மாவுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. கொஞ்ச நாளில் படிப்பதையே விட்டுவிட்டார். மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்திருப்பார். அதுவரை அவர் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

மின்னூல் படிக்கும் கருவியான கிண்டில் ஒன்றை வாங்கிவந்து கையில் கொடுத்தேன். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். "இன்னும் பெருசு பண்ணு" என்றார். பண்ணினேன். "இன்னும்டி." திரையில் முப்பது சொல்கூடத் தேறாத அளவுக்கு வந்ததும் வாங்கிக்கொண்டு ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டார். செல்போன் மாதிரி உள்ளிருந்து கண்ணில் அடிக்கிற திரை இல்லை இது. நுண்ணிய குமிழிகளுக்குள் கருப்பும் வெள்ளையுமான நிறமித் துகள்கள் இடம் மாறி எழுத்தாக நிற்கின்றன. தாளைப் போலவே ஜன்னல் வெளிச்சத்தில் படிக்கலாம். அன்று நான் வைத்துவிட்டு வந்த காபி ஆறி ஆடை படிந்திருந்தது. அம்மா தலை நிமிரவில்லை.

இந்த இடம்வரை எனக்கு மகிழ்ச்சிதான். உங்களிடம் சொல்ல வேண்டியது இதற்கு மேல்தான்.

இரண்டாவது வாரம் அம்மா கூப்பிட்டார். "இங்க பாரு, இது ரகரமே இல்ல." உங்களில் ஒருவர் விற்ற நாவல் அது. 'அவர்' என்ற சொல்லில் 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் ஒன்று நின்றது. அதன்மேல் உட்கார இடமில்லாத புள்ளி, பக்கத்தில் ஒரு புள்ளிக்கோட்டு வட்டத்தின் தலையில் ஏறியிருந்தது. சின்ன எழுத்தில் கண் தாண்டிப் போயிருக்கும். அம்மா படிக்கும் அளவில் ஒளிவதற்கு இடமில்லை. தேடு பெட்டியில் 'அவர்' என்று அடித்துப் பார்த்தேன். 400 பக்க நாவலில் ஒரு 'அவர்' கூட இல்லை என்றது. 'கௌரவம்' என்ற சொல்லும் அப்படியே: ஒற்றைக்கொம்பு, ககரம், அப்புறம் தனி ளகரம். போனில் இருக்கும் தமிழ்க் குரலைப் படிக்கச் சொன்னால் 'கெ-ள-ரவம்' என்று உடைத்துப் படிக்கிறது.

இது எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் பழைய எழுத்துருக்களை வைத்துக் கோத்த காலத்தில் தாளில் எப்படித் தெரிகிறது என்பது மட்டுமே கணக்கு. அச்சில் 'ர்' பெரும்பாலும் கால்மேல் புள்ளி வைத்தாற்போலத்தான் இருக்கும். தட்டச்சு செய்தவர் கால் விசையைத் தட்டிப் புள்ளியும் வைத்துவிட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுக்கும் யூனிகோடுக்கு அது தெரியும். அதற்கு ரகரம் ஓர் எழுத்து, துணைக்கால் வேறு. பழைய கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் ஒன்றில் போட்டு, வந்ததை மெய்ப்புப் பார்க்காமல் ஏற்றினால் அத்தனை பிழையும் அப்படியே வாசகர் கைக்கு வருகிறது. அச்சுக்கு முன் மூன்று முறை மெய்ப்புப் பார்க்கும் நீங்கள், மின்னூலை ஒரு முறைகூட ஏன் திறந்து பார்ப்பதில்லை?

அம்மா இதைப் பார்த்துவிட்டுச் சுவடிக் காலத்துக்குப் போய்விட்டார். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும், எகரமா ஏகாரமா என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது ரகரம் எது கால் என்று ஓரிடம் ஓரிடமாகத் தீர்த்துத்தான் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். "அவர் பிரிச்சுக் கொடுத்ததை இவங்க மறுபடி கலந்து வச்சிருக்காங்க" என்றார் அம்மா. இதை எழுதும்போதும் அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்குக் கேட்கிறது.

பழைய நூல்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் கொடுத்து எடுப்பவை இன்னும் மோசம். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான புத்தகங்களில் லை, னை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்தவை; ணா, றா, னா சுழித்தவை. மென்பொருள் அவற்றைக் கண்டதும் கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறது. நாங்கள் வாங்கிய ஒரு சிறுகதைத் தொகுப்பில் யானை வரும் கதை முழுக்க அந்த யானைக்குப் பெயரே இல்லை. 'யா'வுக்குப் பிறகு ஒரு கேள்விக்குறிதான் நடந்துபோகிறது. சிலர் அந்தச் சிரமமும் வேண்டாமென்று பக்கங்களைப் படமாகவே ஏற்றிவிடுகிறார்கள். படத்தில் எழுத்தை மட்டும் பெரிதாக்க முடியாது. இழுத்து இழுத்து, ஒரு வரியின் பாதியைப் பார்த்து மறுபாதிக்கு நகர வேண்டும். அம்மாவுக்கு அது மறுபடியும் பூதக்கண்ணாடிதான்.

செய்யுளைப் பற்றி ஒரு வார்த்தை. எழுத்து பெரிதாகும்போது நாற்சீர் அடியின் கடைசிச் சீர் அடுத்த வரிக்கு விழத்தான் செய்யும். விழுந்த சீரைச் சற்று உள்தள்ளி நிற்கவைத்தால் அடி எங்கே முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மின்னூல் வடிவமைப்பில் இது சின்ன வேலை. இது செய்யாததால் வெண்பா எல்லாம் அறுந்த உரைநடையாகக் கிடக்கிறது.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. தாள் விலை, தாமதமாகும் நூலக ஆணை, நூறு இருநூறு பிரதியாக அடித்து விற்கும் நிலை, எல்லாம் அரங்கில் நின்று உங்களோடு பேசியே தெரிந்துகொண்டவை. மின்னூல் போட்டால் திருடிவிடுவார்கள் என்கிறீர்கள். மின்னூலாக வராத உங்கள் நூல்கள்தான் ஸ்கேன் பிடிஎஃப்பாக வாட்ஸாப்பில் சுற்றுகின்றன. எனக்கே வாரம் ஒன்று வருகிறது. நான் திறப்பதில்லை, அழித்துவிடுகிறேன். திருடுபவருக்கு வழி இருக்கிறது, காசு கொடுக்க நினைக்கும் எங்களுக்குத்தான் வழியில்லை.

முடியாத காரியம் என்றும் சொல்ல முடியாது. பழந்தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னின்றார், உலகெங்கும் இருந்த தமிழர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்தார்கள், ஒருவர் அடித்ததை இன்னொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஈழத்து நூல்களுக்கு நூலகம் திட்டம் 2005-இலிருந்து உழைக்கிறது. கிண்டில் கடையில் தமிழ் 2016 டிசம்பரிலேயே வந்துவிட்டது. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் உலகில் முதலில் ஏற்புறுதி செய்த நாடு நம்முடையது. அதற்கு முன்பே, 2012-இல், பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, அம்மா போன்றவர்கள் படிக்கக்கூடிய வடிவில் நூலைப் பிரதி செய்துகொள்ள இடம் கொடுத்துவிட்டார்கள். சட்டப்படி உங்கள் நாவலை நானே உட்கார்ந்து தட்டச்சு செய்து அம்மாவுக்குக் கொடுக்கலாம். ஒரு நாவலுக்குச் செய்தும் பார்த்தேன், 60 பக்கத்தோடு நின்றுவிட்டது. வேலைக்குப் போகிறவளால் அவ்வளவுதான் முடிந்தது.

ஆகையால் கேட்கிறேன். இனி வரும் புத்தகங்களையாவது தொடக்கத்திலேயே யூனிகோடில் கோத்துவிடுங்கள். பழையவற்றை மாற்றினால் ஒரு தமிழ் தெரிந்தவர் முழுக்கப் படித்த பிறகு விற்பனைக்கு விடுங்கள். அதற்காக மின்னூல் விலையில் 30 ரூபாய் கூட்டினால் நான் மனதாரக் கொடுப்பேன். ஒரே கடையை நம்பாமல் உங்கள் தளத்திலும் இ-பப் என்ற பொதுவான மின்னூல் கோப்பாக விற்றுவிடுங்கள். 2009 ஜூலையில் கிண்டிலை விற்கும் அமேசான், உரிமைச் சிக்கலால், தான் விற்ற ஜார்ஜ் ஆர்வெல் நூல்கள் இரண்டை வாசகர்களின் கருவிகளிலிருந்து தானே அழித்தது, பிறகு அதன் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்புக் கேட்டார். வீட்டு அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு அந்தக் கதி வராது. என் கணினியில் இருக்கும் கோப்புக்கும் வராது.

அந்த நாவலில் கண்ட பிழைகளை அம்மா சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதியிருக்கிறேன். 212 இடம். பதிப்பகத்துக்கு இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. கேட்டால் யாருக்கும் அனுப்புகிறேன், பணம் வேண்டாம், நன்றிப் பக்கத்தில் பெயரும் வேண்டாம்.

அந்த நாவலின் இரண்டாம் பாகம் மின்னூலாக இன்னும் வரவில்லை. அச்சுப் பிரதி மேல்தட்டில் இருக்கிறது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நான் எடுத்து வாசிக்கிறேன், அம்மா கண்ணை மூடிக் கேட்கிறார். நேற்று 96-ஆம் பக்கம். நான் அவசரத்தில் ஒரு வரியை விட்டுவிட்டால் உடனே நிறுத்தி, திரும்பப் படிக்கச் சொல்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி ஒருத்தி,
சைதாப்பேட்டை